சின்னப் பெட்டியில் பெரிய இசை!

நாதஸ்வரத்துக்கு மின்சாரம் வேண்டாம். மூச்சு போதும். 1964-ல் மறைந்த காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த கோவில்பட்டி மக்களுக்கு இது தெரியும்.

கீபோர்டு அப்படி அல்ல. அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. ஒலிபெருக்கிப் பெட்டிதான் அதன் தொண்டை!

கரிசல் ஊர்களில் கோவில் கொடை என்றால் கச்சேரி மேடை பொட்டலில்தான். ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் வலிமை கால் பங்காகிவிடும்.

உடனே பலர் குமிழை முழுவதும் திருகுகிறார்கள். பெட்டி கரகரக்கிறது. பாடகரின் குரல் அமுங்குகிறது. கூட்டம் கலைந்தால் அடுத்த ஆண்டு யார் அழைப்பார்கள்?

என்ன செய்யலாம்?

பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது. கனத்த ஒலி வீங்கிவிடும். ஸ்டூல் மேல் வைத்து, வாசிப்பவரின் காதைப் பார்த்துச் சாய்க்க வேண்டும். குறைந்த சத்தமே போதும்.

ஸ்டீரியோ பெட்டிக்கு இடது, வலது இரண்டு கம்பிகளும் தேவை. ஒரே கம்பிதான் உண்டா? கீபோர்டில் ‘மோனோ’ என்று எழுதிய துளையில் செருகுங்கள்.

முதலில் கீபோர்டின் ஒலியை முக்கால் பங்கு வையுங்கள். பிறகு பெட்டியின் குமிழை மெல்லத் திருகுங்கள். கரகரத்தால் குறையுங்கள்.

மைக்செட்காரரின் வேலை

சின்னப் பெட்டி மேடைக்குத்தான். கூட்டத்துக்கு? பெட்டியில் ‘லைன் அவுட்’ துளை இருந்தால், அங்கிருந்து மைக்செட்காரருக்குக் கம்பி கொடுத்துவிடலாம். பெரிய ஒலிபெருக்கிகளை அவர் பார்த்துக்கொள்வார்.

கச்சேரிக்கு முன் ஒருவரைக் கடைசி வரிசைக்கு அனுப்புங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குப் பாட்டின் சொல் புரிகிறதா? அதுதான் பரீட்சை!