எண் இல்லாத நோட்டு

கெடாவின் பழைய தோட்டக் குடும்பங்களில் இன்னும் சில வீடுகளில் தகரப் பெட்டி இருக்கிறது. பிறப்புப் பத்திரம், நிலவரி ரசீது, ஊரிலிருந்து வந்த கடிதங்கள் ஆகியவற்றுக்கு அடியில் கை விட்டுப் பாருங்கள். மங்கிப்போன பத்து வெள்ளி நோட்டு ஒன்று அகப்படக்கூடும். அதில் அரசர் தலை இருக்காது; குலை தள்ளிய வாழை மரம் இருக்கும். கொண்டு வருபவர் கேட்டவுடன் பத்து வெள்ளி கொடுப்பதாக ஜப்பானிய அரசாங்கம் வாக்களிக்கிறது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும்.

மலாய்க்காரர்கள் இதை ‘டுவிட் பீசாங்’ என்பார்கள். நம்மவர்களுக்கு வாழைமர நோட்டு. பாடாங் மேஹாவில் வளர்ந்த நான் இதைச் சிறுவயதில் விளையாட்டுப் பொருளாகத்தான் பார்த்தேன். அது எங்கள் குடும்பத்தின் மூன்று வருட உழைப்பு என்று பிற்பாடுதான் தெரிந்தது.

வங்கி கொடுத்த வாக்கு

நோட்டு என்பது அடிப்படையில் ஒரு கடன் சீட்டு. அதை முதலில் எழுதிக் கொடுத்தவை அரசாங்கங்கள் அல்ல, வங்கிகள். கூலிமிலிருந்து மேற்கே போனால் வரும் பினாங்கில் சார்ட்டர்ட் வங்கி 1875இலும், ஹாங்காங் ஷாங்காய் வங்கி 1884இலும் கிளை திறந்தன. இந்த வங்கிகளே நோட்டு வெளியிட்டன. அந்தத் தாளை நீட்டினால் வங்கி வெள்ளி நாணயத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். வங்கி நொடித்தால் தாளும் நொடித்தது.

அப்படி ஒரு வங்கி உண்மையிலேயே நொடித்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி கதவை மூடியபோது இலங்கை கதிகலங்கியது. இலைத்துரு நோயால் காப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்த சமயம் அது. அங்கே மக்கள் கையில் புழங்கிய நோட்டுகளில் பெரும்பகுதி அந்த வங்கியுடையது. ஆளுநர் சர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். தாள் பிழைத்தது. அதன்பின் நோட்டு அச்சிடும் வேலையை இலங்கை அரசாங்கமே எடுத்துக்கொண்டது.

நம் பக்கத்திலும் 1899இல் நாணய ஆணையர் வாரியம் தன் நோட்டுகளை வெளியிட்டது. வங்கி நோட்டுகள் மெல்ல மறைந்தன. தோட்டத்துக் கூலி அரசாங்க நோட்டாகவும் காசாகவும் வந்தது. 1920களின் கடைசியில் மலாயாவின் முக்கிய வட்டாரங்களில் நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சொற்பக் காசுதான். ஆனால் இன்று வாங்கிய வெள்ளி நாளையும் வெள்ளியாகவே இருந்தது.

வாழைமரம் வந்தது

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. சில நாட்களில் ஜித்ரா சண்டையில் ஆங்கிலேயர் தோற்றார்கள். அந்த மாதம் முடிவதற்குள் கெடாவும் பினாங்கும் ஜப்பானியர் கையில். துரைமார்கள் தோட்டங்களை விட்டுவிட்டுத் தெற்கே ஓடினார்கள்.

ஜப்பானியர் தங்களோடு நோட்டையும் கொண்டு வந்தார்கள். தாங்கள் பிடித்த ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் எழுத்து: மலாயாவுக்கு ‘எம்’, பர்மாவுக்கு ‘பி’. ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று ஆரம்பித்து, பிறகு நூறு, கடைசியில் ஆயிரம் வெள்ளி நோட்டும் வந்தது.

முதலில் வந்த நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. பிறகு எண்ணை எடுத்துவிட்டார்கள். எழுத்துகள் மட்டும் மிஞ்சின. பார்வைக்கு இது சின்ன மாற்றம். ஆனால் எத்தனை தாள் அடித்தோம் என்று கணக்குச் சொல்ல விரும்பாதவன்தான் எண்ணை எடுப்பான். அதன் பின்னால் தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. தேவைப்பட்டபோதெல்லாம் அடித்தார்கள்.

வெளிநாட்டுக்கு ரப்பர் போகவில்லை. பால்மரம் வெட்டும் வேலை நின்றது. அரிசி வரத்து குறைந்தது, மரவள்ளிக்கிழங்கே சாப்பாடானது. துணி கிடைக்காமல் சாக்கை வெட்டித் தைத்து உடுத்தினார்கள். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். சாமான் குறையக் குறைய நோட்டு மட்டும் பெருகியது. அந்த நோட்டைத் திரும்ப உறிஞ்ச, லாட்டரிச் சீட்டு விற்றார்கள்; சேமிக்கச் சொல்லிப் பிரச்சாரம் செய்தார்கள். விலைவாசி அடங்கவில்லை.

அரசர் தலை போட்ட பழைய நோட்டு கடைவீதியிலிருந்து காணாமல் போனது. விவரம் தெரிந்தவர்கள் அதைப் பதுக்கினார்கள். நல்ல காசு பெட்டிக்குள் போனது. கெட்ட காசு கைமாறிக்கொண்டே இருந்தது.

எங்கள் வீட்டுப் பசு

என் தாத்தா விவரம் தெரிந்தவர் அல்ல, நேர்மையானவர். லயத்துக்குப் பின்னால் ஒரு கறவைப் பசு வைத்திருந்தார். 1945இன் நடுவில் பாட்டிக்குக் காய்ச்சல். மருந்துக்கும் அரிசிக்கும் காசு வேண்டும் என்று பசுவை விற்றார். கை நிறைய நோட்டு வந்தது. அவ்வளவு பணத்தை அதற்குமுன் அவர் தொட்டதில்லை. செலவு போக மிச்சத்தைக் கட்டிப் பெட்டியில் வைத்தார். நிலைமை சீரானதும் கன்றுக்குட்டி ஒன்று வாங்கலாம் என்று நினைப்பு.

ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்தார்கள். பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் ஜப்பானிய நோட்டு செல்லாது என்று அறிவித்தது. மாற்றித் தருவதாக ஒரு பேச்சும் இல்லை. மன்னர் ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட புதிய நோட்டு வந்தது. அதில் இருந்த தேதி 1941 ஜூலை 1. போருக்கு முன்பே ஏற்பாடு செய்த நோட்டு அது. தேதியைப் பார்த்தால் இடையில் போரே நடக்கவில்லை என்று தோன்றும்.

“உன் தாத்தா அந்தக் கட்டைத் தூக்கி எறியவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை” என்பார் பாட்டி. பிள்ளைகள் அதை வைத்துக் கடை விளையாட்டு விளையாடினார்கள். அதற்குப் பிறகு பாட்டி கையில் நாலு காசு சேர்ந்தால் குண்டுமணி அளவாவது தங்கம் வாங்கினார். தோட்டத்துப் பெண்களுக்கு நகை ஆசை என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் அது ஆசை அல்ல, பட்ட அனுபவம்.

சட்டத்தில் யாருக்கு இடம்?

செட்டியார்களுக்கும் அடி விழுந்தது. போருக்கு முன் நல்ல வெள்ளியில் கொடுத்த கடனை, வாங்கியவர்கள் வாழைமர நோட்டில் அடைத்து நிலப் பத்திரத்தை மீட்டுக்கொண்டார்கள். வாங்க மறுத்தால் ஜப்பானியர் பணத்தை அவமதித்த குற்றம். இப்படிப்பட்ட வழக்குகளுக்காகவே 1948இல் ஆக்கிரமிப்புக் காலக் கடன் சட்டம் வந்தது. எந்த மாதத்து ஜப்பான் வெள்ளி எத்தனை மலாயா வெள்ளிக்குச் சமம் என்று அதில் ஓர் அட்டவணை போட்டார்கள்.

நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அது கடன் பத்திரமும் வங்கிக் கணக்கும் உள்ளவர்களுக்கான ஏற்பாடு. பெட்டிக்குள் நோட்டு வைத்திருந்த பால்மரத் தொழிலாளிக்கு அந்த அட்டவணையில் ஒரு வரியும் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க நம் காலத்திலேயே ஒரு சம்பவம் உண்டு. 500, 1,000 ரிங்கிட் நோட்டுகள் 1999 ஜூலை 1 முதல் செல்லாது என்று பேங்க் நெகாரா அறிவித்தது. முன்கூட்டியே சொன்னது, மாற்றிக்கொள்ள அவகாசம் தந்தது. 1959இல் தொடங்கி, 1967இல் மலேசியாவின் சொந்த நோட்டை வெளியிட்ட வங்கி அது. நோட்டுக்குப் பின்னால் பதில் சொல்ல ஒருவர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இலங்கையில் 1884இல் அப்படி ஒருவர் இருந்தார். மலாயாவில் 1945இல் யாரும் இல்லை.

இன்று கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, இது நாளைய நாணயம், இப்போதே வாங்குங்கள் என்று சொல்கிறவர்கள் நம் வீட்டு வாட்ஸ்ஆப் குழுவுக்கே வந்துவிட்டார்கள். இளைஞர்கள் என்னிடம் கேட்டால் இரண்டே கேள்வி கேட்கச் சொல்வேன்: இதற்கு யார் பொறுப்பு? எத்தனை அடித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியுமா? வாழைமர நோட்டு இந்த இரண்டிலும் தோற்றது.

உங்கள் வீட்டில் வாழைமர நோட்டு இருந்தால் பெரிய விலைக்குப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவ்வளவு ஏராளமாக அச்சடித்திருக்கிறார்கள். வரிசை எண் உள்ள ஆரம்பகால நோட்டுகளுக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள். விற்பதும் வைப்பதும் உங்கள் விருப்பம். அதற்குமுன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: இந்த நோட்டுக்கு எதை விற்றோம்? அந்தப் பதிலை ஒரு தாளில் எழுதி நோட்டோடு சேர்த்து வையுங்கள். லயங்கள் இடிந்து, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்துவிட்டது. கேட்டால் சொல்லக்கூடியவர்களும் குறைந்து வருகிறார்கள்.