இடக்கையின் வேலை

வியாசர்பாடியில் ராத்திரி ஒரு சாவு விழுந்தால், காலையில் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் நிற்க வேண்டும். வீட்டார் கொண்டுவருவது பெரும்பாலும் ஏதோ கல்யாணத்தில் எடுத்த பழைய குரூப் போட்டோ, நடுவே மடிப்போடு. அதிலிருந்து ஒரு முகத்தைப் பிரித்தெடுக்கும் டிசைனரின் மவுஸைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் கீபோர்டின் மேலிருக்கும் இடக்கையைப் பாருங்கள்.

போட்டோஷாப்பில் 'பி' தட்டினால் பென் டூல். முகத்தின் ஓரமாகப் புள்ளி வைத்துச் சுற்றிவந்து, கண்ட்ரோலும் என்டரும் அழுத்தினால் கோடு செலக்‌ஷனாகிவிடும். ஷிஃப்ட்டோடு எஃப்6 தட்டி ஒரு பிக்ஸல் கொடுத்தால் விளிம்பு மிருதுவாகும். இல்லையென்றால் கத்தரித்து ஒட்டியது போலிருக்கும். பிறகு கண்ட்ரோல்-ஜே. முகம் மட்டும் தனி லேயரில் வந்துவிடும்.

தேர்ந்த கை ஒரு விசையைத் தட்ட 0.2 நொடி, மவுஸை ஓரிடத்தில் கொண்டுபோய் நிறுத்த 1.1 நொடி என்று 1980-இல் கார்டு, மோரன், நியூவெல் மூவரும் கணக்கிட்டார்கள். வெளிச்சத்தைத் திருத்தும் கர்வ்ஸுக்கு மெனு வழியே போனால் மூன்று இடத்தில் நிறுத்த வேண்டும். மூன்று நொடிக்கு மேல். கண்ட்ரோல்-எம் தட்ட ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் நேரத்தைவிடப் பெரிய லாபம் கண்ணுக்குத்தான். மெனுவுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் பார்வை முகத்தை விட்டு விலகுகிறது. திரும்பிவந்து விட்ட இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

இசட், எக்ஸ், சி, வி நான்கும் கண்ட்ரோலுக்குப் பக்கத்திலேயே வரிசையாக இருப்பதும் வசதிக்காகத்தான். 1983-இல் வந்த ஆப்பிள் லிசாவிலேயே இந்த ஏற்பாடு உண்டு. நோல் சகோதரர்களின் போட்டோஷாப் வெளிவந்தது 1990-இல். அது திறக்கும்போது வரும் பெயர்ப்பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்று நம் பக்கத்துப் பெயர் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருப்பீர்கள்.

ஷார்ட்கட் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். இன்று எந்த மெனுவுக்கு அதிகம் போனீர்களோ, அந்தக் கட்டளைக்கு எதிரிலேயே அதன் விசை எழுதியிருக்கும். நாளை அதை மட்டும் பழகுங்கள். பத்து நாளில் விரல் தானாகப் போகும்.

இனி அந்த மடிப்பு. 'ஜே' தட்டினால் ஹீலிங் பிரஷ். சதுர அடைப்புக்குறி விசைகள் அதைப் பெரிதாக்கும், சிறிதாக்கும். ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்துப் படத்தை நகர்த்தி, கன்னத்தில் ஓடும் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டே வாருங்கள். மூக்கோரத்து மச்சம் வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். காலையில் அவர் பிள்ளைகள் முதலில் தேடுவது அதைத்தான்.