முதுகெலும்பு வளைவு: காரணத்தையும் எழுதி வாங்குங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்ததும் என்னென்ன மாத்திரை, மறுபடி எப்போது வர வேண்டும் என்றுதான் பார்க்கிறோம். நோயின் பெயர் எழுதியிருக்கும் வரியை யாரும் நிறுத்திப் படிப்பதில்லை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ் நோயாளிகள் அந்த ஒரு வரியால் பின்னாளில் மருத்துவத்திலும் பணத்திலும் இழக்க நேரிடுகிறது.

எக்ஸ்ரேயில் அளக்கும்போது வளைவு 10 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் அது ஸ்கோலியோசிஸ். வளரிளம் பருவத்தில் வருவதில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தெரிவதில்லை. ஆனால் மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு, போலியோ ஆகியவற்றால் முதுகைத் தாங்கும் தசைகள் வலுவிழந்தும் வளைவு வரும். ஒரு கால் குட்டையாக இருப்பதாலும், சிறுவயதில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்ததாலும் வரலாம். இவை இரண்டாம் நிலை வளைவுகள். அடிப்படை நோய் வேறு. வளைவு அதன் விளைவு.

இந்த வேறுபாட்டைப் பதிவு செய்யத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 10 குறியீடுகள் இருக்கின்றன. காப்பீட்டு க்ளெய்ம் படிவத்தில் மருத்துவமனை நிரப்ப வேண்டிய ‘பி’ பகுதியில் இதற்கென்றே கட்டம் உண்டு. நரம்பு, தசை நோயால் வந்த வளைவுக்கு எம் 41.4. பிற இரண்டாம் நிலை வளைவுகளுக்கு எம் 41.5. கதிர்வீச்சால் வந்ததற்கு எம் 96.5. பிறவியிலேயே எலும்பு சரியாக உருவாகாமல் வந்ததற்கு கியூ 76.3. வகை குறிப்பிடாமல் விட்டால் எம் 41.9. இத்துடன் அடிப்படை நோய்க்கும் தனிக் குறியீடு போட வேண்டும். மூளை முடக்குவாதம் என்றால் ஜி 80 வரிசை. குறியீடு போடுபவர் பெரும்பாலும் மருத்துவர் அல்ல. மருத்துவர் எழுதியதை வைத்துத்தான் அவர் போட முடியும். ‘ஸ்கோலியோசிஸ்’ என்ற ஒற்றைச் சொல்லோடு மருத்துவர் நிறுத்திக்கொண்டால் எம் 41.9தான் விழும். நெரிசலான ஓ.பி.யில் இது நடந்துவிடுகிறது. அதனால்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

காரணம் விடுபட்டால் முதல் ஆபத்து உயிருக்குத்தான். டூஷென் தசைச்சிதைவு உள்ள சிறுவனுக்குச் சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்வு மருந்தைக் கொடுத்தால் இதயம் நின்றுபோகலாம். வேறு ஊரில் அவசர அறுவை சிகிச்சைக்குப் போகும்போது மயக்கவியல் மருத்துவர் கையில் இருப்பது பழைய சம்மரி மட்டும்தான் என்றால், அதில் ‘முதுகு வளைவு’ என்று மட்டும் இருப்பது எவ்வளவு பெரிய இடர்! தவிர, நரம்பு, தசை நோயால் வரும் வளைவு வளர்ச்சி நின்ற பிறகும் கூடிக்கொண்டே போகலாம். காரணம் தெரியாத மருத்துவர் கண்காணிப்பைச் சீக்கிரமே நிறுத்திவிடக்கூடும்.

அடுத்தது காப்பீடு. வெளிப்படையாகத் தெரியும் பிறவிக் குறைபாட்டுக்குப் பல பாலிசிகளில் விலக்கு இருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் வந்த வளைவைத் தவறுதலாகப் பிறவி வளைவு என்று பதிந்துவிட்டால், அந்த ஒரு குறியீட்டைக் காட்டியே க்ளெய்மை மறுக்க முடியும். ‘இருக்கலாம்’ என்று மருத்துவர் சந்தேகமாக எழுதியது குறியீட்டில் உறுதியான நோயாக ஏறிவிடுவதும் உண்டு.

மாற்றுத்திறனாளி சான்றிதழிலும் இது முக்கியம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் மூளை முடக்குவாதமும் தசைச்சிதைவும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. முதுகு வளைவை மட்டும் காட்டும் காகிதத்தோடு போனால் அந்தக் குழந்தையின் முழு நிலையும் மதிப்பீட்டில் வராமல் போகலாம்.

ஆவணத்தைக் கேட்பது உங்கள் உரிமை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறைப்படி, உள்நோயாளியின் பதிவேடுகளை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எழுத்து மூலம் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம்.

தவறு தெரிந்தால், அடிப்படை நோயை நிரூபிக்கும் எம்.ஆர்.ஐ. அறிக்கையையோ பழைய சிகிச்சைக் குறிப்பையோ இணைத்து, சிகிச்சை தந்த மருத்துவருக்கும் மருத்துவக் கண்காணிப்பாளருக்கும் கடிதம் கொடுங்கள். பழைய வரியை அழித்து எழுதச் சொல்லாதீர்கள். திருத்தம் தனிக் குறிப்பாக, தேதியோடும் கையெழுத்தோடும் வர வேண்டும். அடித்துத் திருத்திய காகிதம் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உண்மையிலேயே பிறவி வளைவாக இருந்தால், பணத்துக்காக அதை மாற்றி எழுதச் சொல்லாதீர்கள். அது மோசடி. பாலிசியே ரத்தாகலாம்; அடுத்த மருத்துவரும் தவறான பாதையில் போவார்.

திருத்தம் கொடுத்தும் க்ளெய்மை மறுத்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி நகர், காரைக்கால் பகுதிகளுக்கும் அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நோயை மறைத்தீர்கள் என்பது நிறுவனத்தின் வாதமானால், பாலிசி தொடர்ச்சியாக 60 மாதங்கள் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். ஓடியிருந்தால், மோசடியை நிரூபித்தால் ஒழிய அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்தே இருக்கிறது. அதற்குக் காலவரம்பு 2 ஆண்டுகள்.

இவ்வளவு அலைச்சலையும் பெரும்பாலும் டிஸ்சார்ஜ் அன்றே தவிர்த்துவிடலாம். ‘டாக்டர், வளைவு எதனால் வந்தது, எந்தப் பகுதியில், எத்தனை டிகிரி என்று இதில் எழுதிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். எழுதி வாங்கிய பிறகே வீட்டுக்குக் கிளம்புங்கள்.