நீலக்கல்லும் ஒரு பவுணும்

மோதிரத்துக்கு மோதிரம் துணை தேடுவது நம்மவர்க்குப் பழகிய தொழிலன்று. யாழ்ப்பாணத்துக் கலியாண வீடுகளிற் கொடி 9 பவுணோ 11 பவுணோ என்று விசாரிப்போர் பலர். கூறையின் நிறத்தைப் பற்றி இரண்டு நாள் வாதிடுவோரும் உளர். மோதிரத்தைப் பற்றி எவரும் மூச்சு விடுவதில்லை. கணையாழி இடும் சடங்குக்குக்கூட, அந்நேரத்தில் எவர் விரலில் அகப்படுகின்றதோ அதைக் கழற்றிக் குடத்து நீரிற் போட்டுவிடுவர். ஆகவே, சென்ற ஆண்டு ஆவணியில் நடந்த தன் திருமணத்துக்காக ரொறன்ரோவிலிருந்து காரைநகர் வந்து சேர்ந்த என் மருமகள், பயணக் களைப்பு ஆறுமுன்னே கையை நீட்டி, "மாமா, இந்த மோதிரத்துக்குப் பக்கத்திலை எந்த மோதிரம் பொருந்தும்?" என்று கேட்டபொழுது, நெடுங்காலம் பள்ளிப் பிள்ளைகளின் வினாக்களுக்கு விடை சொல்லிப் பழகிய யான் வாயடைத்து நின்றேன்.

அவள் விரலில் இருந்தது, மணம் பேசி முடிந்தபோது மணமகன் அணிவித்த நிச்சயதார்த்த மோதிரம். வெள்ளைத் தங்கத்தில் நம் இரத்தினபுரி நீலம் ஒன்றைப் பதித்து, அதைச் சூழச் சிறு வைரங்களை இழைத்திருந்தார்கள். (நீலம் சனிபகவானுக்குரிய கல், எல்லோர்க்கும் ஒத்துவராது என்று அயல்வீட்டு ஆச்சி ஒருத்தி உடனே தீர்ப்புக் கூறிவிட்டாள், அது வேறு கதை.) மேனாட்டு வழக்கப்படி, மணநாளில் அதே விரலிற் கல்லில்லாத பொன் வளையம் ஒன்றும் ஏறவேண்டும். இரண்டும் ஆயுள் முழுவதும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வாழவேண்டும். இதிலேதான் சிக்கல். கல்லைச் சுற்றிய வைர வரிசை விரலின் இருபுறமும் புடைத்து நிற்பதால், நேரான வளையம் அதனோடு ஒட்டி நில்லாது. இடையிலே இடைவெளி விழும். இதற்காகவே பிறை போல் வளைத்துச் செய்த மோதிரங்களை அங்குள்ள கடைகளில் விற்கின்றார்கள். இரண்டையும் ஒன்றாகப் பற்றவைத்துக் கொள்வோரும் உண்டாம்.

இவ்விரு மோதிர வழக்கு ஒரே நாளில் முளைத்ததன்று. கி.பி. முதல் நூற்றாண்டு உரோமரிடையே, மணம் உறுதிசெய்யக் கல்லில்லாத இரும்பு மோதிரத்தை அனுப்பினார்கள் என்று பிளினி எழுதிவைத்திருக்கின்றார். 1477இல் ஆஸ்திரிய இளவரசன் மாக்சிமிலியன், பர்கண்டி நாட்டு மேரிக்கு வைர மோதிரம் அளித்தான் என்பதை இத்துறை எழுத்தாளர் தவறாமல் எடுத்தோதுவர். ஆயினும், நிச்சயதார்த்தம் என்றால் வைரமே என்ற எண்ணம் சாமானியர் உள்ளத்தில் வேரூன்றியது சென்ற நூற்றாண்டிலேதான். 1947இல் வைர வணிகர்கள் அமெரிக்காவிற் பரப்பிய விளம்பர வாசகத்துக்கு அதிற் பெரும் பங்குண்டு. நம் நாட்டு நீலத்துக்கும் இக்கதையில் இடமில்லாமலில்லை. 1981இல் பிரித்தானிய அரச குடும்பத்து டயானா அணிந்த நிச்சயதார்த்த மோதிரத்திலிருந்தது 12 கரட் நிறையுள்ள இலங்கை நீலமே. 2010இல் அது அவர் மகன் கையால் கேட்டின் விரலுக்கு வந்தது. மறு ஆண்டு மணநாளில் அவருக்கு அணிவித்தது வேல்ஸ் நாட்டுப் பொன்னாலான எளிய வளையம். வெள்ளைக்கு வெள்ளைதான் சேரவேண்டும் என்ற விதி அரண்மனையிலும் இல்லை என்று மருமகள் இதையே மேற்கோளாகக் காட்டினாள்.

தீவகத்திலும் மோதிரமும் தாலியும் அயலவர் அல்லர். ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்க அன்பர்கள் கோயிலில் மோதிரம் மாற்றித் தாலியும் கட்டுகின்றார்கள்; புறா பொறித்த தாலியை அவர்களிடையே காணலாம். சைவர்களிடையே மோதிரம் பெரும்பாலும் எழுத்து நாளிலே வந்துவிடுகிறது. பதிவாளர் முன் கையெழுத்திட்டு, மோதிரம் மாற்றி, சட்டத்தின் கண்ணிற் கணவன் மனைவி ஆனபின்னும், தாலி ஏறும்வரை இருவரையும் தனித்தனி வீட்டிலேயே வைத்திருப்பது யாழ்ப்பாணத்து நியாயம். 1907ஆம் ஆண்டு 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுச் சட்டம் வந்தபின்னரும், வழக்கப்படி தாலி கட்டிய மணத்தைப் பதிவில்லை என்ற காரணத்தால் நீதிமன்றங்கள் தள்ளிவிடவில்லை. ஊரார் நெஞ்சில் எது கனமானது என்பதைச் சட்டமும் அறிந்தே இருந்தது போலும்.

மருமகள் கேட்டதற்கு விடை ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. என் தமக்கையின் தாலிக்கொடி அது. அத்தான் மறைந்த அன்று கழற்றியது. 1991இல் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது சேலைத் தலைப்பில் முடிந்து அவள் கொண்டுபோனதும், எத்தனையோ பஞ்ச காலங்களில் விற்காமல் வைத்திருந்ததும் அதுவே. தாலியின் இரு பக்கமும் இரண்டு பவுண் காசுகள். ஒரு முகத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர், மறுமுகத்திற் குதிரைமேலிருந்து நாகத்தைக் குத்தும் வீரன். அவற்றில் ஒன்றை உருக்கித் தனக்கு மோதிரம் செய்யவேண்டும் என்றாள் மருமகள்.

தமக்கை ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குள் எழுந்து போனாள். அவள் பேசாததை உறவினர் பேசினார்கள். கைம்பெண்ணின் கொடிக் காசு மணமகள் விரலில் ஏறலாமா? அதுவும் பொன்னுருக்குச் செய்யும் அதே பத்தர் கையால்? வழக்கப்படி தாலிக்குரிய பொன் மாப்பிள்ளை வீட்டிலே, நல்ல நேரத்தில், சபை பார்த்திருக்க உருகவேண்டும். அந்த மூசையில் இந்தக் காசு படக்கூடாது என்று ஒருவர் சொன்னார். சொன்னவர் கெட்டவரல்லர், பயந்தவர். ஒரு தலைமுறைக்குள் இவ்வூர் கண்ட இழவுகள் அப்படிப்பட்டவை.

ஈழத்துச் சிதம்பரத்துக்குப் போகும் வழியில் அந்தப் பத்தரின் பட்டறை. காசை உரைகல்லில் உரைக்கக்கூட இல்லை, கையில் ஏந்தியதும், "பழைய பவுண். பன்னிரண்டிலே பதினொரு பங்கு பொன், மிச்சம் செம்பு" என்றார். பிறகு மருமகளின் மோதிரத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்துத் தலையசைத்தார்.

"இரண்டையும் ஒரு விரலிலை விட்டா வெள்ளை மஞ்சளைத் தின்னும், பிள்ளை."

மருமகளுக்கு விளங்கவில்லை. அவர் கொடியை எடுத்து, காசு தொங்கிய சிறு வளையத்தைக் காட்டினார். கொடியின் இழை உரசி உரசி, அவ்வளையத்தின் மேற்புறம் நூலாய்த் தேய்ந்திருந்தது. ஒரே மாற்றுள்ள பொன்னும் பொன்னும் உரசியே இந்தக் கதி. அவள் மோதிரமோ 18 கரட் வெள்ளைத் தங்கம்; ஆயிரத்தில் 750 பங்கு பொன், எஞ்சியது கடினமான கலப்பு உலோகம். பவுண் காசோ ஆயிரத்தில் 916 பங்கு பொன், மெத்தென்றது. போதாக்குறைக்கு வைரத்தின் ஓரமும் அரம்போல் அறுக்கும். சில ஆண்டுகளில் அம்மாவின் பொன் தூளாகிக் குளிர்நாட்டுக் குழாய்நீரோடு போய்விடும்.

வேறு வழி கேட்டோம். காசோடு செம்பும் வெள்ளியும் கூட்டி 18 கரட்டாக இறக்கலாம் என்றார். ஏறக்குறைய 8 கிராம் காசு 9¾ கிராம் ஆகும், வன்மையும் பெறும். மருமகள் உடனே மறுத்துவிட்டாள். அம்மாவின் பொன்னை மாற்றுக் குறைக்க அவளுக்கு மனமில்லை. நிறம் ஒத்துப்போக மேலே வெள்ளைப் பூச்சுப் பூசுவதையும் மறுத்தாள். பூச்சு தேயத் தேய மீண்டும் பூசவேண்டும் என்பதை அவளே அறிந்திருந்தாள். பத்தர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: நித்தம் விரலில் இருக்கப்போவது எது?

அதற்கு அவள் யோசிக்கவேண்டியிருக்கவில்லை. பொன் வளையம் இடக்கையிலே தனியே இருக்கும். நீலக்கல் வலக்கைக்குப் போகும், வெளியே செல்லும் நாட்களில். இதைக் கேட்ட மணமகன் முகம் சற்று வாடியதை யான் கண்டேன். தேடித் தேடித் தெரிந்தெடுத்த மோதிரம் அன்றோ? சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "மிச்சப் பொன்னிலை எனக்கும் ஒண்டு வருமோ, ஐயா?" என்று பத்தரைக் கேட்டான். அவர் விரலால் நிறை போட்டுப் பார்த்தார். வரும் என்றார், மெல்லியதாக, ஆனால் வரும். நீலக்கல்லுக்குத் தேடிய துணை அவன் விரலிற் போய் அமர்ந்தது.

உறவினர் பேச்சைப் பத்தரிடம் யான் மறைக்கவில்லை. அவர் குமுட்டியில் உமிக்கரியைத் தள்ளியபடியே, "நெருப்புக்குள்ளை போன பொன் ஆற்றை எண்டு ஆரும் கேக்கிறேல்லை, மாஸ்ரர்" என்றார். ஆயினும் ஊரார் மனம் நோகாதபடி, பொன்னுருக்கு முடிந்து மூன்றாம் நாள், புதிய மூசையிலேயே காசை இட்டு வெங்காரம் தூவினார். மன்னர் முகம் முதலிற் கலங்கியது. குதிரை வீரன் பின்னர். தமக்கை திண்ணையில் இருந்து இமையாமற் பார்த்தாள். உருகிய பொன் உருண்டு திரண்டபோது, அதைக் கையில் வாங்கலாமோ என்று கேட்டாள். ஆறியபின் கொடுத்தார்.

விரலளவு எடுத்த விதத்தையும் சொல்லவேண்டும். நண்பகல் வெயிலில் வந்தவளுக்கு அளவு வளையத்தை இட்டுப் பார்த்தபின், ஒரு வாளி கிணற்று நீர் கொண்டுவரச் செய்து, அதில் நெடுநேரம் கையை அமிழ்த்தி வைக்கச் சொன்னார். நன்னீர் அருமையான ஊரில் ஒரு வாளி நீர் சிறு செலவன்று. மறுபடி அளந்தபோது வளையம் தளர்ந்திருந்தது. வெப்பத்தில் விரல் தடிக்கும், குளிரில் மெலியும். இங்கே செய்த மோதிரங்கள் அங்கே பனியில் கழன்று தொலைந்த கதைகளை அவர் கேட்டிருக்கின்றார். இரண்டு அளவுக்கும் நடுவே, சற்று இறுக்கமாகவே அடித்தார்.

மணநாளில் தாலி ஏறி, அம்மி மிதித்து, கணையாழி இடும் வேளை வந்தது. குருக்கள் மோதிரம் கேட்டார். யாரோ தம் விரலிற் கழற்றப் போனார்கள். மருமகள் பந்தலின் பின்வரிசையில் தூணோடு நின்ற தாயைப் பார்த்துக் கையை நீட்டினாள். தமக்கை சற்றுத் தயங்கி முன்னே வந்து, முந்தானையில் முடிந்திருந்த மோதிரத்தை அவிழ்த்துக் குருக்களிடம் கொடுத்தாள். சபையில் எவரும் ஒன்றும் சொல்லவில்லை. குடத்து நீரில் மூன்று முறை தேடியதில் இரண்டு முறை மணமகள் கையிலும், ஒரு முறை மணமகன் கையிலும் அது அகப்பட்டது.

மாசி மாதத்தில் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியிற் பேசினாள். வெளியே முழங்கால் மட்டும் பனி என்றாள். மோதிரம் கழலவில்லை, சவர்க்காரம் போட்டாலன்றி விரலை விட்டு வரமாட்டேன் என்கிறதாம். அவர் மோதிரந்தான் கொஞ்சம் தளர்வாம். அவர் வாளிக்குள் கை வைக்கவில்லையே என்றேன்.