புது டிராக்டரும் டிரெய்லர் பாரமும்

பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கங்களில் ஏரிப்பாசன நிலங்களிற் பல இப்பொழுது மனைகளாகிவிட்டன. ஆயினும் திருமழிசைக்கு மேற்கே நெல் விளையும் ஊர்கள் இன்னும் உள. அங்கே டிராக்டர் வாங்கும் மிராசுதாரர் சிலர், அதனை உழவிற்கு விடுமுன்னரே டிரெய்லர் பூட்டிச் செங்கல்லும் மண்ணும் ஏற்ற வாடகைக்கு விடுகின்றனர். கடன் தவணை காத்து நிற்பதே இவ்வவசரத்திற்குக் காரணம். மாட்டைப் பழக்காமல் பாரவண்டியில் பூட்டாத குடியானவர், இயந்திரத்திற்கு மட்டும் அந்தத் தயவைக் காட்டுவதில்லை.

மாஸே பெர்குஸன் கூட்டுறவுடன் டாபே நிறுவனம் 1960-ஆம் ஆண்டிற் சென்னையில் தோன்றியது. ஆகையால் இவ்வட்டாரத்தாருக்கு டிராக்டர் புதிய பொருளன்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிற் கடைசல் வேலை பார்ப்போரைக் கேட்டால் ஓருண்மை விளங்கும்: எவ்வளவு நயமாகக் கடைந்த உறுப்பிலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் உண்டு. சிலிண்டரின் உட்சுவரில் எண்ணெய் தங்குவதற்காகக் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் இடப்பட்டிருக்கும். பிஸ்டன் வளையங்கள் இச்சுவரோடு உராய்ந்து, மேடுகள் தேய்ந்து, இரண்டும் ஒன்றோடொன்று படிய வேண்டும். படியுமுன் முழுப்பாரம் ஏற்றினால் சூடு மிகுந்து, எண்ணெய்ப் படலம் அறுந்து, சுவரில் ஆழ்ந்த கோடு விழும். அதற்கு அஞ்சி, பாரமே இன்றிச் சும்மா ஓடவிடுவதும் பிழையே. வளையத்தைச் சுவரோடு அழுத்துவது எரிவாயுவின் அழுத்தம். அது குறைந்தால் வளையம் படியாது, சுவர் கண்ணாடி போல் மழமழப்பாகிவிடும். பின்னர் அந்த என்ஜின் ஆயுள் முழுதும் எண்ணெய் குடிக்கும், நீலப்புகை விடும்.

ஆதலின் நடுத்தரமான, மாறிமாறி வரும் பாரமே தக்கது. முதல் 50 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. நிறுவனத்தார் தரும் கையேட்டில் வேறு அளவு இருப்பின் அதுவே பிரமாணம். மத்தியப் பிரதேசத்துப் புத்னியிலுள்ள மத்திய அரசின் சோதனை நிலையத்திலும் டிராக்டரை இவ்வாறு பழக்கிய பின்னரே அதன் திறனை அளக்கின்றனர். அந்நாட்களில் டிரெய்லரில் பாதிப் பாரத்திற்கு மேல் ஏற்றலாகாது. மேட்டில் ஏறுகையில் என்ஜின் திணறத் தொடங்குமுன் கியரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டுவதும் நன்றன்று.

டிரெய்லரை உரிய இழுவைக் கொக்கியிலன்றி அதற்கு மேலே எங்கும் பூட்டலாகாது. மேலே பூட்டினால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கி, வண்டி பின்னோக்கிக் கவிழும். இதில் உயிரிழந்தோர் உண்டு. பல டிரெய்லர்களுக்குத் தனி பிரேக்கு இராது. நிறுத்தும்போது பாரம் முழுவதும் பின்னிருந்து டிராக்டரைத் தள்ளும். சாலையில் இறங்குமுன் இரண்டு பிரேக்கு மிதிகளையும் தாழிட்டு ஒன்றாக்குதல் அவசியம். தனித்திருந்தால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி திரும்பிவிடும். இறக்கத்தில் நியூட்ரலில் விடும் சிக்கனம் டீசலை மிச்சப்படுத்தி ஆளை விழுங்கும்.

சக்கர நட்டுகள் முதல் சில நாட்களில் தளரும். நாள்தோறும் முறுக்கிப் பார்க்க வேண்டும். விசிறிப் பட்டையும் நீளும். கையேட்டிற் குறித்த மணிக்கணக்கு நிறைந்ததும் முதல் எண்ணெயை மாற்றிவிட வேண்டும். தேய்ந்த உலோகத்தூள் அதிலேதான் இருக்கும். வடித்த எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி, வெயிலில் பிடித்துப் பார்க்கலாம்.