சாரல் பொய்த்தால் உழவர் தோற்றவரா?

தென்காசி வட்டாரத்தில் வைகாசி முடியும்போதே எல்லோர் கண்ணும் மேற்கு மலைமேல்தான் இருக்கும். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் வெளியூர்க்காரர்களுக்கு அது சீசன். உங்களுக்கு அது கார் சாகுபடிக்கான தாக்கல். கடனாநதி, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் அணைகளின் நீர்மட்டத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் நாற்றங்காலில் விதை போடுகிறீர்கள்.

ஆனால் எல்லா ஆண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு வருடம் ஆடியில் காற்று மட்டும் வீசி, சாரல் நின்று, நட்ட வயல் வெடித்துப்போகிறது. அடுத்த வருடம் பிசானத்தில் வடகிழக்குப் பருவமழை ஒரேயடியாகக் கொட்டிக் கதிரைச் சாய்க்கிறது. பாவூர்சத்திரம் சந்தைக்கு ஏற்றிய தக்காளி பறிகூலிக்குக்கூடக் கட்டாத விலைக்குப் போகிறது.

பண நட்டத்தை எப்படியாவது சமாளித்துவிடலாம். ராத்திரி படுத்த பிறகு மனசுக்குள் ஒரு குரல் கேட்கிறதே, அதைச் சமாளிப்பதுதான் கஷ்டம். “நாந்தான் அப்பவே சொன்னேம்லா. பக்கத்து வயக்காரன் பிழைக்கலையா? உனக்கு விவசாயம் சரிப்படாது” என்று அது சொல்லும். இந்தக் குரல் பேசாத விவசாயி அநேகமாக இல்லை. அதை முழுக்க நம்பவும் வேண்டாம், வாயை அடைக்கவும் வேண்டாம். அதை எப்படிக் கையாள்வது என்று பார்ப்போம்.

குரல் செய்யும் மூன்று பிழைகள்

முதல் பிழை, ஆவணியில் தெரிந்ததை வைத்து ஆனியில் எடுத்த முடிவைக் குறை சொல்வது. நீங்கள் விதைத்த அன்று அணையில் தண்ணீர் இருந்தது, மலையில் மேகம் இருந்தது. பின்னால் சாரல் நிற்கும் என்று அன்று யாருக்கும் தெரியாது. அன்று கையில் இருந்த தகவலுக்கு அது சரியான முடிவா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டாவது, உங்கள் மோசமான வருடத்தைப் பக்கத்து வயலின் நல்ல வருடத்தோடு ஒப்பிடுவது. அவருக்குக் கிணற்றில் ஊற்று இருக்கலாம், வயல் மடைக்குப் பக்கத்தில் இருக்கலாம். அவர் வாங்கிய கடன் உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது, ஒரு பூ தவறியதை வைத்து வாழ்நாள் முழுவதற்கும் தீர்ப்பு எழுதுவது. “இந்தக் கார் போச்சு” என்பது உண்மை. “நான் எதற்கும் லாயக்கில்லை” என்பது உண்மை அல்ல.

வானம், சந்தை, கை

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்திக்கு ‘வானம்’, இரண்டாவதுக்குச் ‘சந்தை’, மூன்றாவதுக்குக் ‘கை’ என்று தலைப்பு எழுதுங்கள். போன பூவில் நடந்த ஒவ்வொன்றையும் அதனதன் பத்தியில் எழுதுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்காசி உட்பட நான்கு தென் மாவட்டங்களில் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. அப்படிப்பட்ட மழையில் பயிர் மூழ்கியதற்கு எந்த விவசாயியும் பொறுப்பல்ல. அது ‘வானம்’ பத்தியில் போக வேண்டியது.

புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை வைத்திருப்பவர்களுக்குக் கோடையில் விலை ஏறுவதும் மழைக்காலத்தில் இறங்குவதும் புதிதல்ல. அது ‘சந்தை’ பத்தி. தக்காளியை எல்லோரும் ஒரே வாரத்தில் நட்டு, ஒரே வாரத்தில் பறித்தால் விலை விழும். விலை விழுந்தது சந்தையில்தான். ஆனால் மொத்த நிலத்திலும் ஒரே நாளில் நட்டது ‘கை’. நாற்று முற்றியது, வடிகால் வெட்டாமல் விட்டது, பழைய விதையைச் சோதிக்காமல் போட்டது எல்லாம் ‘கை’தான்.

இப்படிப் பிரித்தால் இரண்டு நன்மை. உங்கள் மேல் இல்லாத பழி இறங்கிவிடும். உங்கள் கையில் உள்ளது எது என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது இரண்டு மூன்று வரிக்கு மேல் போகாது. அடுத்த பூவில் திருத்த வேண்டியது அந்த வரிகளைத்தான்.

ஆளைச் சந்தேகிக்காதீர்கள், முறையைச் சந்தேகியுங்கள்

நம்மாழ்வார் நமக்குப் பக்கத்தில் இருக்கும் கோவில்பட்டி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். மானாவாரி விவசாயி விலை கொடுத்து வாங்க முடியாத இடுபொருளை வைத்துச் செய்யும் ஆராய்ச்சி அவருக்கு எப்படி உதவும் என்று கேட்டார். விவசாயியிடம் குறை தேடாமல் முறையைச் சந்தேகித்தார். 1969ல் அந்த வேலையை விட்டு, பிறகு களக்காட்டில் விவசாயிகளோடு வேலை செய்தார்.

ஜப்பானின் மசனோபு ஃபுகுவோக்கா தோற்ற கதை இன்னும் பாடம் தரும். இளம் வயதில் அரசு வேலையை விட்டு ஊர் திரும்பி, அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தைப் பொறுப்பெடுத்தார். இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று கவாத்து செய்வதை நிறுத்தினார். கிளைகள் ஒன்றோடொன்று சிக்கி, பூச்சி ஏறி, மரங்கள் பட்டுப்போயின. அப்பாவின் தோட்டத்தைக் கெடுத்த மகன் என்ற பேர் ஒன்றே ஒருவரை முடக்கிப்போடப் போதும். அவர் எங்கே தவறியது என்று பார்த்தார். பல வருடம் கவாத்து செய்து பழக்கிய மரத்தைத் திடீரென்று கைவிடுவது இயற்கை விவசாயம் ஆகாது என்பது தெரிந்தது. அந்தப் பாடத்தோடு பின்னாளில் உழாமல் நெல் விளைவித்தார். 1988ல் மகசேசே விருது பெற்றார்.

‘நான் ஏன் இப்படி?’ என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. ‘எந்த வேலையில் தவறியது?’ என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

நம்பிக்கையைச் சின்னதாக விதையுங்கள்

போன நம்பிக்கை பேச்சில் திரும்பாது. ஒரு சின்ன வேலை கண்முன்னே பலிக்கும்போதுதான் திரும்பும்.

பிசானத்துக்கு விதைக்கும் முன் 100 நெல்லை எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள். ஒரு வாரத்தில் எத்தனை முளைத்தது என்று எண்ணுங்கள். சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 சதவீதம். உங்கள் விதை அதற்குக் கீழே இருந்தால் மாற்றிவிடலாம். புது ரகம், புது முறை எதுவானாலும் பத்து சென்ட்டில் மட்டும் செய்து பாருங்கள். தவறினாலும் குடும்பம் ஆடாது. தக்காளியை இரண்டு மூன்று தவணையாக நடுங்கள். முடிவெடுப்பதில் குழப்பம் என்றால் ஊர்மேலழகியான் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். கிசான் அழைப்பு மையத்தின் 1800 180 1551 எண்ணிலும் கேட்கலாம்.

வானத்தை நம் கையால் திருத்த முடியாது. காப்பீடு மட்டும் செய்யலாம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டும் பங்கு, உணவுப் பயிருக்குக் காரிப் பருவத்தில் 2 சதவீதம், ராபியில் 1.5 சதவீதம், தோட்டக்கலைப் பயிருக்கு 5 சதவீதம். கடைசித் தேதிக்கு முன்னால் கட்டிவிடுவது ‘கை’ பத்தியில் வரும் வேலை.

களப்பணியாளர்கள் கவனத்துக்கு

பயிர் போனவரிடம் “அப்பவே சொன்னோமே” என்று தொடங்காதீர்கள். அவர் மனசுக்குள் ஏற்கெனவே கேட்கும் வார்த்தை அதுதான். “அண்ணாச்சி, இந்தத் தடவை எங்க மாட்டிக்கிட்டோம்? ரெண்டு பேருமா பாப்பமா?” என்று கேளுங்கள். வரப்பில் அவரோடு உட்கார்ந்து அந்த மூன்று பத்தியை எழுதுங்கள்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வயல் பக்கமே போவதில்லை, “நான் இருந்து என்ன பிரயோஜனம்” என்று பேசுகிறார் என்றால் அதை வெறும் மனக்கவலை என்று விட்டுவிடக் கூடாது. அவரைத் தனியாக விடாதீர்கள். என்ன நினைக்கிறீர்கள் என்று நேராகவே கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், 104 என்ற எண்ணிலும் இலவசமாகப் பேசலாம். அரசு மருத்துவமனையிலும் காட்டலாம். காய்ச்சலுக்கு மருந்து வாங்குவதைப் போலத்தான் இதுவும்.

அடுத்த நாற்றங்காலுக்கு முன், ‘கை’ பத்தியிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையை மட்டும் இந்தப் பூவில் மாற்றிச் செய்யுங்கள்.