ஓசை அடங்கினால் பழுது நீங்கியதாகுமா?

பழைய மோட்டார் வண்டியின் எஞ்சினில் முன்புறமிருந்து ‘கடகட’ என்னும் ஓசை எழுமாயின், “டைமிங் கியர் தேய்ந்துவிட்டது” என்பர் பட்டறைக்காரர். புதியதை மாட்டுவர், ஓசையும் அடங்கும். ஆயின் அச்சக்கரம் ஏன் தேய்ந்தது என்று கேட்பவர் சிலரே. அவ்வினாவை எழுப்பாத பழுதுபார்ப்பு, இருமுறை பணம் செலவிட வைக்கும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

அமெரிக்க நாட்டு ஃபோர்டு நிறுவனம் 1927-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ‘மாடல் ஏ’ என்னும் வண்டியை வெளியிட்டது. நான்கு சிலிண்டர்களும் 40 குதிரைத்திறனும் உடைய அவ்வண்டியைப் பழைமை போற்றுவோர் இன்றும் ஓட்டி வருகின்றனர். அதன் எஞ்சினில் பிஸ்டன் நான்கு அடிகள் இயங்குவதற்குள் கிராங்க் தண்டு இருமுறை சுழலும். அந்நான்கு அடிகளில் ஒவ்வொரு வால்வும் ஒருமுறைதான் திறக்கவேண்டும். எனவே, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒருமுறையே சுழலுதல் வேண்டும். இக்கணக்கைக் காப்பவை முன்மூடியின் உள்ளே கோத்து நிற்கும் இரு பற்சக்கரங்கள். பெரியதன் பற்கள் சிறியதன் பற்களைப்போல் இருமடங்கு.

சிறிய சக்கரம் எஃகு. பெரிய சக்கரமோ பேக்கலைட் பிசின் ஊறிய துணி அடுக்குகளை அழுத்திச் செய்தது. எஃகும் எஃகும் மோதினால் இரைச்சல் மிகும். மென்மையான சக்கரம் ஓசையை விழுங்கும். பற்களைச் சாய்வாக வெட்டியதும் அதன் பொருட்டே. அமைதிக்கு நாம் தரும் விலை, மெல்லிய சக்கரத்தின் தேய்வு.

தேய்ந்தால் ஏன் ஒலிக்கிறது? வால்வைத் திறக்கும்போது கிராங்க் தண்டு கேம் தண்டைத் தள்ளுகிறது. வால்வு மூடும்போதோ, அழுந்திய சுருள்வில் விரிந்து கேம் தண்டை முன்னே உந்துகிறது. பற்களிடையே இடைவெளி மிகுந்திருந்தால், பல்லின் ஒரு முகமும் மறுமுகமும் மாறி மாறி அடிபடும். வண்டி நின்றபடி எஞ்சின் மெல்ல ஓடுகையில் ஓசை தெளிவாகக் கேட்பது இதனால்தான்.

திருகைத் தொடுமுன் செய்யவேண்டிய ஆய்வுகள் சில. விசிறிப் பட்டையைக் கழற்றிச் சிறிது நேரம் மட்டும் எஞ்சினை ஓட்டுக. ஓசை நின்றால் குற்றம் ஜெனரேட்டரிலோ விசிறியிலோ இருக்கிறது. அடுத்து, மரப்பிடியுள்ள திருப்புளியால் ஸ்பார்க் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்க. ஓசை குன்றினால் அந்தச் சிலிண்டரின் இணைப்புத் தண்டை ஐயுறலாம். பற்சக்கர ஓசை இதனால் பெரிதும் மாறாது. பின்னர், எஞ்சினை நிறுத்திவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்து, கைப்பிடியால் எஞ்சினை மெல்லச் சுழற்றுக. உள்ளேயுள்ள ரோட்டர் அசையாதாயின் பற்கள் உதிர்ந்துவிட்டன என்று கொள்க. இவ்வகை எஞ்சினில் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் நிற்பதால், பல் உதிர்ந்தாலும் பிஸ்டன் வால்வை மோதாது.

ஓய்வுபெற்ற கிராணியார் ஒருவர் இத்தகைய வண்டியொன்றை வைத்திருந்தார். புதுச் சக்கரம் போட்ட சில மாதங்களில் அது மீண்டும் பல் உதிர்த்தது. “மட்டமான சாமான் கொடுத்துவிட்டான், வாத்தியாரே” என்று மனம் நொந்தார். பின்னர் வந்த முதிய மெக்கானிக், உடைந்த சக்கரத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “ஐயா, சக்கரத்தைக் குறை சொல்லாதீங்க, கீழே பாருங்க” என்றார். எண்ணெய்த் தொட்டியை இறக்கிக் கிராங்க் தண்டை மேலும் கீழும் அசைத்தார், அது ஆடியது. தண்டைத் தாங்கும் பாபிட் உலோகத் தாங்கிகள் தேய்ந்து தண்டு கீழிறங்கியிருந்தது. சிறுசக்கரம் பெருஞ்சக்கரத்தை விட்டு விலகி, பற்களின் நுனி மட்டுமே பாரத்தைச் சுமந்திருக்கிறது.

ஆகவே, முதலில் தாங்கிகளைச் சீர்செய்க. தேய்வு சிறிதாயின் தாங்கி மூடிகளின் இடையேயுள்ள மெல்லிய ஷிம் தகடுகளைக் குறைத்தால் போதும். மிகுதியாயின் பாபிட்டைப் புதிதாக வார்க்கவேண்டும். பின்னர் இரு சக்கரங்களையும் சேர்த்தே மாற்றுக. தேய்ந்து கூரேறிய எஃகுப் பல், புதுச் சக்கரத்தை விரைவில் அரித்துவிடும். மாட்டும்போது இரண்டிலும் உள்ள அடையாளங்கள் நேருக்கு நேர் நிற்கவேண்டும். பற்களிடை வெளியை ஃபீலர் தகட்டால் சுற்றிலும் நான்கிடங்களில் அளந்து பார்க்க. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குக்கு மேல் ஆகாது. மிகுமாயின், சற்றே பெரிய அளவில் செய்த சக்கரங்களும் கிடைக்கின்றன. சாய்பற்கள் கேம் தண்டை முன்பின்னாகத் தள்ளும். அதனைத் தடுக்க முன்மூடியில் ஒரு சுருள்வில்லும் உந்துமுளையும் உண்டு. அவற்றையும் மறவாமல் பார்க்க. உதிர்ந்த துணுக்குகள் எண்ணெய்ப் பம்பின் வலையை அடைக்குமாதலால், தொட்டியைத் துடைத்துத் தூய்மை செய்தபின்னரே மூடுக.

ஆசிரிய அன்பர்களே, இரு அட்டைச் சக்கரங்களை வெட்டி, ஒன்றுக்குப் பன்னிரண்டும் மற்றதற்கு இருபத்துநான்கும் பற்கள் வைத்து வகுப்பில் சுழற்றிக் காட்டுங்கள். விகிதப் பாடம் பிள்ளைகளின் கைக்கு எட்டும். பின்னர் ஒரு சக்கரத்தைச் சிறிது விலக்கி வையுங்கள். பற்கள் வழுக்குவதைக் கண்ட பிள்ளை, “சக்கரம் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் வழுக்குகிறது?” என்று கேட்பான். அவ்வினாவே நாம் விரும்பிய பாடம். நாளை பட்டறையில் நிற்கும்போதும் அவன் அதனைக் கேட்பானாக.